கம்பி மாற்று படலம்

பால்காரரை மாற்றுவது சுலபம். "நாளை முதல் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாள் காலையில் வேறொருவர் வாசலில் நிற்பார். மளிகைக் கடையை மாற்றுவது அதனினும் சுலபம். பாக்கியைத் தீர்த்துவிட்டு எதிர்ச்சாரியில் நடந்தால் ஆயிற்று. வைத்தியரை மாற்றுகிறோம், வக்கீலைக்கூட மாற்றுகிறோம். ஆனால் வீட்டுக்குள் இண்டர்நெட்டையும் டெலிவிஷனையும் கொண்டுவருகிற கம்பெனியை மாற்றுவதென்று ஒரு குடும்பம் தீர்மானித்துவிட்டால், அங்கே ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய யோசனையும் ஒரு வியாஜ்யத்துக்கு வேண்டிய பொறுமையும் தேவைப்படுகின்றன. இதை நாம் அனந்தபுரத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் கண்ணாரக் கண்டோம்.

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள சிறிய பேரூர் அனந்தபுரம். நெல்லும் மணிலாவும் கரும்பும் விளைகிற பூமி. நமது சிநேகிதர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் நாலு பேர்: அவர், அவர் மனைவி, எண்பத்து நாலு பிராயமான தாயார், ஒரே பெண். பெண் சென்னையில் ஓர் ஆபீஸில் உத்தியோகம் பெற்றிருக்கிறாள். உத்தியோகம் சென்னையில், உட்காருவது அனந்தபுரத்தில், கூடத்தை அடுத்த சிறிய அறையில். மேஜைமேல் கம்ப்யூட்டர், சுவரில் பச்சை விளக்குகள் மினுக்கும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் பச்சை எரியும் வரையில் அவளுக்குச் சம்பளம். சிவப்பு எரிந்தால் லீவு. அப்பொழுதுதான் வேலையில் சேர்ந்து ஆறு மாதப் பரீட்சைக் காலத்தில் இருந்தவளுக்கு லீவு என்பது எவ்வளவு சங்கடமான விஷயம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்தது என்று சொல்கிறோமே தவிர, கடந்துபோக அதற்கு மனமில்லை. வெகு நேரம் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. விழுப்புரம் ஜில்லா முழுவதும் ஏரிகளும் ஓடைகளும் உடைந்து, தென்பெண்ணை கரை புரண்டு, ஜனங்கள் பட்ட அவதியைப் பத்திரிகைகளில் யாவரும் படித்திருப்பார்கள். சிநேகிதர் வீட்டுத் தெருவில் மரங்கள் விழுந்தன. மரங்களோடு கம்பிகளும் விழுந்தன. மின்சாரம் நாலாம் நாள் வந்தது. சுவர்ப் பெட்டியில் பச்சை விளக்கு பதின்மூன்றாம் நாள் வந்தது. இடையில் அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, விழுப்புரத்தில் அத்தை வீட்டுக்குப் போய் வேலை செய்தாள்.

புயலின்பேரில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் புயல் ஓய்ந்த பிறகும், வாரத்துக்கு இரண்டு முறை காரணமில்லாமல் சிவப்பு விளக்கு எரியலாயிற்று. கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு யந்திரம் பேசிற்று. எண்ணை அழுத்தச் சொல்லிற்று. அழுத்தினால் சங்கீதம் வாசித்தது. பொங்கல் கழிந்த வாரம் நாம் அங்கே போயிருந்தபோது, "கம்பெனியை மாற்றிவிடுவது" என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியிருந்தது. எதற்கு மாறுவது, எப்படி மாறுவது என்பவைதான் பாக்கி.

இந்த இடத்தில் ஒரு சிறு வரலாறு சொல்லிவிடுவது நல்லது. நமது தாத்தாக்கள் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1882-ல் சென்னையில் முதல் டெலிபோன் நிலையத்தை வைத்தது ஓர் அந்நிய நாட்டுக் கம்பெனி. பிற்காலத்தில் டெலிபோன் சர்க்கார் வசமாயிற்று. வேண்டுமென்றால் மனுப் போட்டுக் காத்திருக்கலாம். வேண்டாமென்றால் சும்மா இருக்கலாம். மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ரேடியோவும் அப்படித்தான், வருஷந்தோறும் தபாலாபீஸில் லைஸென்ஸ் பணம் கட்டிவிட்டு, நிலையம் எதை வைக்கிறதோ அதைக் கேட்டார்கள். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டு 15-ம் தேதி ஆரம்பமான போதும், மாடியில் மீன் முள்ளைப்போல ஓர் ஆன்டெனா நட்டு, அதைக் காற்று திருப்பும்போதெல்லாம் திருப்பிவைப்பதோடு குடும்பத்தின் பொறுப்பு தீர்ந்தது.

1990-களில் கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. ஒளிபரப்பு ஆரம்பமான பிறகு, சின்ன ஊர்களில்கூட யாரோ ஓர் உற்சாகமான இளைஞர் வீட்டு மாடியில் பெரிய குடை ஒன்றைக் கவிழ்த்து வைத்து, தெருத் தெருவாகக் கறுப்புக் கம்பி இழுத்துவிட்டார். அவரே கேபிள்காரர். மாதப் பிறப்பில் சின்ன நோட்டுப் புத்தகத்துடன் வருவார். பணம் வாங்கிக்கொண்டு கோடு கிழிப்பார். கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே படம் நின்றால் அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிடலாம். இந்த வியாபாரத்துக்கு 1995-ல்தான் ஒரு சட்டம் வந்தது. நம் ராஜ்யத்தில் அரசாங்கமே கேபிள் நடத்துவதென்று 2007-ல் அரசு கேபிள் டி.வி. கார்ப்பொரேஷனை ஸ்தாபித்தார்கள், 2011 செப்டம்பரில் அதற்குப் புத்துயிர் தந்து, மாதம் 70 ரூபாய்க்குத் தொண்ணூறு சானல் என்று அறிவித்தார்கள். அந்த எழுபது ரூபாயைப் பற்றிப் பாட்டிமார்கள் இன்றும் பிரியத்தோடு பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம்.

பிறகு டிஜிட்டல் காலம் பிறந்தது; வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்தது. படம் துலக்கமாயிற்று; உண்மைதான். ஆனால் சுதந்திரம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. ஏனென்று விளக்குவோம். கம்பி வழியாகவோ ஆகாயத்தின் வழியாகவோ வருகிற படத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்தப் பூட்டைப் போட்டுப் பூட்டி அனுப்புகிறது. அதைத் திறக்கும் சாவி பெட்டிக்குள் இருக்கிறது. ஒருவர் சாவி மற்றவர் பூட்டுக்குச் சேராது. ஆகவே கம்பெனியை மாற்றினால் பெட்டியையும் மாற்ற வேண்டும். விலை கொடுத்து வாங்கிய பழைய பெட்டி மேஜை நாற்காலிக்கு முட்டுக் கொடுக்கத்தான் பயன்படும். எந்தப் பெட்டியும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்த வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலிலேயே சிபாரிசு செய்தது. சிபாரிசு சிபாரிசாகவே இருக்கிறது.

சாவி பிறர் கையில் இருப்பதன் அபாயத்தைத் தமிழ்நாடு 2022 நவம்பரில் பார்த்தது. பெட்டிக்குரிய மென்பொருளை அளித்த கம்பெனிக்கும் அரசு கேபிள் கார்ப்பொரேஷனுக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டு, பல லட்சம் வீடுகளில் பெட்டிகள் திடீரென்று ஊமையாகிவிட்டன. விவகாரம் ஹைகோர்ட்டு வரை போயிற்று. கம்பி அறுந்திருந்தால் கேபிள்காரர் ஏணியைச் சாய்த்து ஒட்டியிருப்பார். அறுந்தது கம்பியல்ல, அவர் என்ன செய்வார், பாவம்!

அனந்தபுரத்துக்குத் திரும்புவோம்.

பெண்ணின் யோசனை மிகவும் நவீனமானது. "எதற்கு அப்பா இரண்டு செலவு? கேபிளை நிறுத்திவிடுவோம். நல்ல கண்ணாடிக் கம்பி இண்டர்நெட் ஒன்று போட்டால், டெலிவிஷனும் அதிலேயே வந்துவிடும். ஒரே பில்" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டியம்மாள் ஒப்பவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் ஆயா. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் அவருக்கு மூன்று தொடர்கள் உண்டு. கண் பார்வை மங்கல். ரிமோட்டில் எழுத்துக்கள் தெரியாது. ஆனால் எந்த எண்ணை அழுத்தினால் எந்தத் தொடர் வரும் என்பது விரலுக்குத் தெரியும். கம்பெனி மாறினால் சானல் எண்கள் எல்லாம் மாறிவிடும். இண்டர்நெட் டெலிவிஷனிலோ எண்ணே கிடையாது, சித்திரங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். "நான் செத்த பிற்பாடு மாத்திக்கங்க" என்றார் ஆயா. அத்துடன் அந்தப் பிரேரணை தள்ளுபடியாயிற்று.

எனினும் கேபிள் செலவைக் குறைக்க வழி உண்டா என்று தலைமையாசிரியர் ஆராய்ந்தார். அதில் அவர் வல்லவர். முப்பது வருஷம் கணக்கு கற்பித்தவர். 2019-ம் வருஷத்திலிருந்து டெலிவிஷன் சந்தா இரு கூறாகப் பிரிந்திருக்கிறது. கம்பியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு ஒரு கட்டணம். விலையுள்ள சானல்களுக்கு ஒவ்வொன்றாகவோ கொத்தாகவோ வேறு கட்டணம். முதற் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பு வைத்து அதில் 100 சானல் என்றார்கள். 2020 முதல் அதே பணத்துக்கு 200 சானல் என்றார்கள். 2024-ல் உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றின்மேலும் நூற்றுக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. உதாரணமாக, 130 ரூபாய் அடிப்படையுடன் 19 ரூபாய்ச் சானல்கள் ஐந்து எடுத்தால் 225 ரூபாய். வரியுடன் 265 ரூபாய் 50 காசு. இதில் விசேஷம் என்னவென்றால், சானல்களை நாமே பொறுக்கிக்கொள்ளும் உரிமை சட்டப்படி நமக்கு இருக்கிறது. ஆனால் நம்மில் அநேகர் கேபிள்காரர் கட்டிக்கொடுத்த கொத்தையே வாங்கிக்கொண்டு, பார்க்காத சானலுக்கும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். சிநேகிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பட்டியல் தயாரித்தார். குழந்தைகளுக்கான கார்ட்டூன் சானல்கள் ஆறு இருந்தன. அந்த வீட்டில் குழந்தையே இல்லை. ஹிந்திச் சானல்கள் பல இருந்தன, பார்ப்பார் இல்லை. களை பிடுங்கிய பிறகு மாதம் தொண்ணூறு ரூபாய் மிச்சமாயிற்று. ஆயாவின் எண்களும் பிழைத்தன.

மாதச் சந்தாவே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரஸார் பாரதி 2004 முதல் நடத்திவருகிற டி.டி. ஃப்ரீ டிஷ் என்ற சேவைக்கு, குடையும் பெட்டியும் வாங்குகிற ஒரு தடவைச் செலவோடு சரி. ஆனால் ஆயாவின் தொடர்கள் அதில் வாரா. செய்தியும் டி.டி. தமிழும் போதும் என்கிற துறவிகளுக்கு அது உகந்தது.

இனி இண்டர்நெட். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

அந்த வீட்டில் ஒரு பழைய டெலிபோன் உண்டு. 1997-ல், மனுப் போட்டுப் பல வருஷம் காத்திருந்து வாங்கியது. பின்னர் 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். பிறந்தபோது அதன் வசம் வந்தது. அந்தச் செப்புக் கம்பியின் வழியாகவே அவர்கள் வீட்டுக்கு முதன்முதல் பிராட்பேண்டும் வந்தது. பிராட்பேண்டு என்று பெயர் சூட்டுவதற்கு 2004-ல் சர்க்கார் வைத்த தகுதி விநாடிக்கு 256 கிலோபிட். அதை 2013-ல் 512 ஆக்கினார்கள். 2023-ல் 2 மெகாபிட். செப்புக் கம்பியின் சுபாவம் என்னவென்றால், எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் போகப் போக அதன் சக்தி தேய்ந்துகொண்டே போகும். கண்ணாடிக் கம்பி வந்த பிறகு சிநேகிதர் இண்டர்நெட்டைத் தனியார் கம்பெனி ஒன்றுக்கு மாற்றிக்கொண்டார். ஆனால் டெலிபோனை மட்டும் விடவில்லை. பேசினால் அடைமழை பெய்கிறாற்போல் இரைச்சல். மழை பெய்தால் அதுவும் இல்லை. இருந்தும் மாதாமாதம் வாடகை கட்டிவந்தார். காரணம், அந்த எண். திருவண்ணாமலையில் இருக்கிற ஆயாவின் தங்கைக்கு உலகத்தில் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே டெலிபோன் எண் அதுதான்.

கைப்பேசி எண்ணை எந்தக் கம்பெனிக்கும் எடுத்துக்கொண்டு போகலாம். அந்த உரிமை 2011 ஜனவரி 20 முதல் தேசமெங்கும் உண்டு. 1900 என்ற எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினால் காரியம் ஆரம்பமாகிவிடும். வீட்டு டெலிபோன் எண்ணுக்கு அந்த உரிமை இல்லை. கம்பெனியை விட்டால் எண்ணையும் விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் ஒரு சந்து இருக்கிறது: பி.எஸ்.என்.எல். டெலிபோன் வைத்திருப்பவர்கள் அதே ஸ்தாபனத்தின் கண்ணாடிக் கம்பிக்கு மாறினால், பெரும்பாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தலைமையாசிரியர் இதைக் கேள்விப்பட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. எண்ணும் நிலைக்கும், இண்டர்நெட்டும் வரும், தனியார் கம்பெனியின் சகவாசமும் ஒழியும் என்று மூன்று மாங்காய் கணக்குப் பார்த்தார். மனுக் கொடுத்தார்.

நாலாம் நாள் வாசலில் ஓர் ஏணி வந்து சாய்ந்தது. ஏணியின்மேல் இருந்தவரைப் பார்த்துச் சிநேகிதர் திகைத்துப் போனார். அவர் வேறு யாருமல்ல. பழைய தனியார் இண்டர்நெட்டைப் போட்டுக்கொடுத்த அதே ஆசாமி. ஆயாவின் கேபிளுக்கு மாதாமாதம் பணம் வாங்குகிறவரும் அவரேதான்!

"என்னப்பா, நீயா?" என்றார்.

"ஆமாம் சார். கம்பெனிதான் வேறே. இந்த ஊருக்கு ஏணி ஒண்ணுதான்" என்றார் அவர், மேலிருந்தபடியே.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது. சிறிய ஊர்களில் தெருக்கம்பியை இழுத்துப் பராமரிக்கும் வேலையைப் பெரிய ஸ்தாபனங்கள், பொதுத்துறையானாலும் தனியாரானாலும், உள்ளூர்க் கூட்டாளிகளிடம் ஒப்படைத்துவிடுகின்றன. வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு. கேபிள் காலத்திலிருந்தே தெருத் தெருவாகக் கம்பமேறிப் பழகியவரைவிட அதற்குத் தகுந்தவர் யார்? ஆகவே, விளம்பரத்தில் நாலு கம்பெனிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். தெருக்கோடியில் நாலு கம்பிகளும் ஒரே கம்பத்தில் ஒன்றையொன்று தழுவிக்கொண்டிருக்கும். நாம் கம்பெனியை மாற்றுகிறோம்; பாதையை மாற்றுவதில்லை.

அந்த மனிதரைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. புயலுக்குப் பிறகு பதின்மூன்று நாள் அவர் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. அறுந்த கண்ணாடிக் கம்பியை ஒட்டுவது விளையாட்டுக் காரியமல்ல. தலைமயிரைப் போன்ற இழை. அதைத் துடைத்து, நேராக வெட்டி, ஒரு சிறிய யந்திரத்துக்குள் இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைக்க வேண்டும். யந்திரம் ஒரு மின்பொறியைக் கக்கிக் கண்ணாடியை உருக்கி ஒன்றாக்கிவிடும். ஓர் இழையில் வருகிற ஒளியைத் தெருவில் உள்ள ஒரு சின்னப் பெட்டி முப்பத்திரண்டு, அறுபத்துநாலு வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அதற்கு மின்சாரமே வேண்டியதில்லை. தாய் இழை அறுந்தால் அத்தனை வீட்டிலும் ஒரே சமயத்தில் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கின் அடியில் 'லாஸ்' என்று எழுதியிருக்கும். சமிக்ஞை அற்றது என்று பொருள். ஆனால் சம்பளம் பிடிக்கப்பட்ட வீட்டில் அதை நஷ்டம் என்றே வாசிக்கிறார்கள்.

புதுக் கம்பி வந்து பச்சை விளக்கு எரிந்தது. பழையதை உடனே துண்டித்துவிடலாமா என்று பெண் கேட்டாள். "பொறு, புது மாடு பால் கறக்கிறதா பார்ப்போம்" என்றார் தாயார். அந்த அம்மாள் இந்த விவகாரத்தில் பேசிய ஒரே வார்த்தை இதுதான். ஆனால் சரியான வார்த்தை. தவிர, பழைய கம்பெனிக்கு ஒரு வருஷச் சந்தா முன்பணமாகக் கட்டியிருந்தார்கள். மாதம் 600 ரூபாய், வரி 108. பன்னிரண்டு மாதத்துக்கு 8,496 ரூபாய். 2024 ஜூலையில் கட்டியது. இன்னும் ஆறு மாதம், அதாவது 4,248 ரூபாய், பாக்கி இருந்தது. திருப்பித் தருவார்களா என்று கேட்டதற்கு, "திட்டத்தின் நிபந்தனைகளில் இடமில்லை" என்று பதில் வந்தது. ஒரு மாதம் இலவசம் என்ற ஆசையில் முழு வருஷத்துக்குக் கட்டுவதன் பலன் இது. மாதச் சந்தா கட்டியிருந்தால் டிசம்பரிலேயே கும்பிடு போட்டிருக்கலாம்.

ஆகையால் இரண்டு கம்பிகளும் சிலகாலம் வீட்டில் அக்கம்பக்கமாக வாழ்ந்தன. அதனால் ஓர் உண்மை வெளிப்பட்டது. பிப்ரவரி மாதம் ஒரு மாலை, கரும்பை வானளாவ ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போன லாரி ஒன்று தெருமுனையில் திரும்புகையில், மேலே தொங்கிய கம்பிகளை ஒரே இழுப்பில் கரும்போடு கொண்டுபோய்விட்டது. சுவரில் இரண்டு பெட்டிகளிலும் ஒரே விநாடியில் சிவப்பு விளக்கு! ஆயாவின் தொடரும் நின்றது. ஏணிக்காரர் கை விளக்குடன் வந்து சேர இரவு ஒன்பது மணி. அதுவரை அந்தப் பெண் கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் வைத்து, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு இண்டர்நெட்டை வாங்கிக்கொண்டு, அன்றைய வேலையை ஒருவாறு முடித்தாள்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் சிநேகிதர் செய்த தீர்மானம் நமக்கு மிகவும் பிடித்தது. "இரண்டாவது வழி கம்பியாக இருக்கக் கூடாது" என்றார். 2023 முதல் சில கம்பெனிகள் கம்பியில்லாமல் கோபுரத்திலிருந்து ஆகாய மார்க்கமாகவே வீட்டுப் பெட்டிக்கு இண்டர்நெட் தருகின்றன. கூரையில் ஒரு சிறு கருவி வைத்தால் போதும். ஆனால் அவசரத்துக்கு மட்டும் வேண்டியவர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. புயலின்போது ஊரில் எந்தக் கோபுரம் கடைசிவரை பேசிற்று என்று நாலு வீட்டில் விசாரித்து, அந்தக் கம்பெனியின் சிம் ஒன்றை வாங்கி, பெண்ணின் கைப்பேசியில் இரண்டாவதாகப் போட்டுவைத்தார்கள். விளம்பரங்களில் வருகிற வேகக் கணக்கைவிட இந்த விசாரணை பயனுள்ளது என்பது நமது அபிப்பிராயம்.

வேகக் கணக்கு என்றதும் நினைவு வருகிறது. விநாடிக்கு 40 மெகாபிட் என்றால், இறங்குகிற சரக்கு 40 மெகாபைட் அல்ல. எட்டால் வகுத்து ஐந்துதான். வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை செய்ய அது தாராளம். 'அளவில்லாதது' என்று பெயர் சூட்டிய பல திட்டங்களுக்கும் அடிக்குறிப்பில் ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் ஆமை வேகம். ஆனாலும் நாலு பேர் உள்ள சாதாரணக் குடும்பம் அந்த எல்லையைத் தொடுவது அரிது. ஆகவே வேகத்தில் பேராசை கொள்ளாமல், கம்பி அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்று கேட்பதே புத்திசாலித்தனம். இதற்கு எந்தக் கம்பெனியின் நோட்டீஸிலும் விடை இராது, எதிர்வீட்டில் இருக்கும்.

ஜூலை மாதம் பழைய கம்பெனியின் சந்தா முடிந்தது. முறைப்படி விலகல் கடிதம் எழுதினார் தலைமையாசிரியர். முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் செஞ்சிக் கோட்டையைப் பிடிக்கச் சுமார் எட்டு வருஷம் முற்றுகையிட்டான் என்று சரித்திரம் கூறுகிறது. 1698-ல்தான் கோட்டை விழுந்தது. கோட்டைக்குள் புகுவதுதான் அங்கே கஷ்டம். இங்கே வெளியேறுவது கஷ்டம். முதல் போனில், பாதி விலைக்குத் தருகிறோம், இருங்கள் என்றார்கள். இவ்வளவு பிரியத்தை முன்பே காட்டியிருக்கலாமே என்று அவர் கேட்டார். இரண்டாவது போனில் கடிதமே வரவில்லை என்றார்கள். நல்ல வேளையாக, அவர் ஒவ்வொரு தடவையும் புகார் எண்ணைக் கேட்டு டயரியில் எழுதிவைத்திருந்தார். டிராய் 2012-ல் விதித்த ஏற்பாட்டின்படி, எந்தப் புகாருக்கும் எண் கொடுத்தாக வேண்டும். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் ஜில்லா நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. டெலிபோன் வழக்குகளும் அங்கே செல்லும் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. புகார் எண்களை வரிசையாக அவர் வாசித்துக் காட்டியதும் மறுமுனையில் குரல் மாறிவிட்டது. சுவர்ப் பெட்டியைக் கழற்ற ஆள் அனுப்பினார்கள். வந்தவர் யார் என்று நேயர்கள் ஊகித்திருப்பார்கள். ஏணியை வாசலில் சாய்த்துவிட்டு, பெட்டியையும் அதன் மின்சார அடாப்டரையும் வாங்கிக்கொண்டார். தலைமையாசிரியர், பெட்டியின் அடியில் இருந்த எண்ணையும் எழுதி, கையெழுத்துடன் ரசீது வாங்கிக்கொண்ட பிறகே அவரைக் காபி சாப்பிடச் சொன்னார்.

டெலிபோன் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. புதுக் கம்பியில் பழைய எண் உயிர் பெற்றதும் முதல் அழைப்பு திருவண்ணாமலையிலிருந்து வந்தது. இரைச்சல் அடியோடு ஒழிந்துபோயிருந்தது. "பக்கத்து ரூமிலே இருந்து பேசற மாதிரி இருக்குது" என்று ஆயா பூரித்துப் போனார். சகோதரிகள் இருவரும் தினம் பேசலானார்கள். பத்து நாள் கழித்து, ஏதோ குடும்பப் பாகத்தைப் பற்றிக் கொஞ்சம் காரசாரமாகப் பேசிக்கொண்டிருக்கையில், சட்டென்று மறுமுனை மௌனமாகிவிட்டது. தங்கை கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள் என்று ஆயாவுக்கு நிச்சயம். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, இவரும் கூப்பிடவில்லை. திருவண்ணாமலையிலும் அதே நினைப்பு, அதே மௌனம்.

நடந்தது வேறு. பழைய செப்புக் கம்பி டெலிபோனுக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் உள்ள பாட்டரிகளிலிருந்து கம்பி வழியாகவே அதற்குச் சக்தி வந்துகொண்டிருந்தது. ஊரே இருண்டிருந்தாலும் அது பேசும். கண்ணாடி இழையோ ஒளியைத்தான் சுமக்கும், மின்சாரத்தைச் சுமக்காது. ஆகவே வீட்டில் கரெண்டு போன மறுகணம் பெட்டியும் டெலிபோனும் செத்துவிடும். அன்று அனந்தபுரத்தில் கரெண்டு போயிருந்தது. பகல் நேரமாதலால் ஆயாவுக்குத் தெரியவில்லை. பேத்திதான் இதைக் கண்டுபிடித்து, "ஆயா, சின்ன ஆயா ஒண்ணும் கோவிச்சுக்கலே, கரெண்டுதான் கட்டாச்சு" என்று திருவண்ணாமலைக்குத் தானே போன் போட்டு இருவரையும் பேச வைத்தாள்.

இப்பொழுது சுவர்ப் பெட்டிக்குக் கீழே, கைக்கடக்கமான பாட்டரி ஒன்று தொங்குகிறது. கரெண்டு நின்றாலும் மூன்று நாலு மணி நேரம் பச்சை விளக்கு எரிகிறது. பெண்ணுக்கு உத்தியோகம் நிரந்தரமாகிவிட்டது. பழைய கம்பெனியிடம் கட்டிய டெபாசிட் ஆயிரம் ரூபாய் இன்னும் வந்து சேரவில்லை. தலைமையாசிரியர் டயரியில் அடுத்த போன் செய்ய வேண்டிய தேதியைச் சிவப்பு மையில் குறித்துவைத்திருக்கிறார்.